கூர்

ஆற்றங்கரை மடத்தில் அகராதி வேலை ‘கூ’ வரைக்கும் வந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் திருமேனி. அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் பேனாவைத் தேடுவார்.

அவருடைய குரு வடிவம்மை, அவரைவிட இருபது வயது சின்னவர். ஞானம் என்ன வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது? திருமேனி அவரைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்.

நாலு வருஷத்துக்கு முன்பு மகள் செண்பகம், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதாகக் கடிதம் எழுதினாள். மனிதர் அதைப் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார். அதோடு அவள் எழுதுவதை விட்டுவிட்டாள். நேற்று மறுபடி ஒரு கடிதம். அதற்கும் சிவப்பு மையில் சுழி போட்டு, உறையில் வைத்து, மத்தியானத் தபாலுக்குத் தயாராக மேஜைமேல் வைத்திருந்தார்.

“தாயே, ‘கூர்மதி’க்குப் பொருள் எழுதிட்டேன். நுட்பமான அறிவு. ‘கூர்’ எங்கேருந்து வந்ததுன்னுதான் பிடிபடல.”

வடிவம்மை மேஜைமேல் இருந்த உறையைக் கையில் எடுத்தார்.

“இது என்ன?”

“மக கடுதாசி. ஏழு பிழை.”

“வாசிங்க, கேப்போம்.”

“‘அப்பா, எனக்கு இது ஏலாம் மாதம்.’ ழகரம், தாயே! சின்னதுலேருந்து தலைபாடா அடிச்சுக்கிட்டேன்...”

“எது ஏழாம் மாசம்?”

திருமேனி கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மூன்று தரம் படித்த கடிதம் அது. மகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்பதை இப்போதுதான் படித்தார். தாயில்லாப் பிள்ளை, இதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்?

“மேல வாசிங்க.”

“‘அம்மா இருந்தா வந்திருப்பாங்க. தயவுகூர்ந்து நீங்கலாவது வாங்க அப்பா.’”

அங்கேயும் ஒரு எழுத்து தப்பு, சிவப்புச் சுழிக்குள் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

“அதுல ஒரு கூர் இருக்கே?” என்றார் வடிவம்மை.

“அது வேற, தாயே. அந்தக் கூருக்கு மிகுதல்னு அர்த்தம். அன்புகூர்தல், தயவுகூர்தல். கூர்மதில இருக்கது கத்தியோட கூர். தனித்தனியாத்தான் போடணும்.”

“ரெண்டுக்கும் வேர் ஒண்ணா, வேற வேறயா?”

“தெரியல.”

ஒரு சொல்லைப் பற்றித் தெரியாது என்று திருமேனி சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

“தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாமே.”

“யார்கிட்ட தாயே?”

வடிவம்மை கடிதத்தை வாங்கி மடித்தார். உறையில் போடாமல் அவருடைய சட்டைப்பையில் செருகினார்.

“இத்தனை பிழைக்கு நடுவுல அந்த ஒரு சொல்லைத் தப்பில்லாம எழுதியிருக்கா பாருங்க. அவகிட்டயே போய்க் கேளுங்க.”