மைத்துனன் பிடிக்க வேண்டிய கயிறு

ஒரு வீட்டுக்குப் பெண் பார்ப்பதற்குள்ளேயே செருப்புத் தேய்ந்துவிடுகிறது. நான்கு ஊருக்கும் ஒரு காட்டுக்கும் சேர்த்துத் தலைமை தேடுவது எவ்வளவு பாடு என்று நஞ்சியைக் கேளுங்கள், சொல்வாள்.

கெம்பாறை மலையில் நான்கு சிற்றூர்கள். அந்த மலைக்குடிகளின் உரிமைக்காகவும் காட்டைக் காப்பதற்காகவும் அங்கே ஒரு சிறிய சங்கம் உண்டு. இரண்டு அறை, ஒரு கிழட்டு ஜீப், ஆறு பேர், அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் அதை நடத்திய கிரேஸ் அம்மா ஒருநாள் அலுவலகச் சாவியை நஞ்சியின் மடியில் போட்டார். "என் முட்டி இனிமே மலை ஏறாது நஞ்சி. அடுத்தது யாருன்னு நீயே சொல்லிரு" என்றார். ஊர்க்குழுவில் நஞ்சியின் சொல்லுக்கு நான்கு ஊரும் கட்டுப்படும். அதுதான் வம்பு.

வந்தவர்கள் மூவர். மூன்றும் முத்து. இளவேனில் கோயம்புத்தூர் வழக்கறிஞர். எட்டு வருடமாகச் சங்கத்தின் வழக்குகள் அவள் தலையில்தான். மாதேஷ் இந்த மலையில் பிறந்து பட்டம் வாங்கியவன். மரம் கடத்த வந்த லாரிக்கு முன்னால் படுத்து, பதினொரு நாள் சிறையில் இருந்தவன். மூன்றாமவள் மசணி, பக்கத்து மலைக்காரி. பதினாலு வருடமாகச் சங்கத்தில் வேலை. யார் வீட்டு மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மேடையில் ஏற்றினால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

யாரை விடுவது? நஞ்சி குழம்பிக் கிடந்தபோதுதான் தேன்பாறை விவகாரம் தலைக்கு மேல் வந்து நின்றது.

தேன்பாறையைச் சுற்றிய காட்டின் மேல் ஒரு சொகுசு விடுதிக்காரரின் கண் விழுந்திருந்தது. அந்தக் காடு தங்களுடையது என்று ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். அங்கே தேன் எடுப்பதை அதிகாரிகள் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் காடு நிலைக்கும். அதற்கு ஒரே ஒரு நாள் குறித்திருந்தார்கள்.

பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கித்தான் தேன் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு கட்டுப்பாடு. மேலே கயிற்றைப் பிடிப்பவன் இறங்குகிறவனின் மைத்துனனாக இருக்க வேண்டும். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் கையை விடுவான்? இடுப்பு முடிச்சை இறங்குகிறவனே போட்டு, ஏறி வந்த பிறகு அவனே அவிழ்க்க வேண்டும்; இன்னொரு கை அதைத் தொடக் கூடாது. வருடாவருடம் இறங்குகிறவன் நஞ்சியின் கணவன் காளன். பிடிக்கிறவன் அவள் அண்ணன் ரேசன்.

குறித்த நாளில் ரேசன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். "மச்சான் இல்லாம கயித்துல கால் வெக்க மாட்டேன்" என்று காளன் உட்கார்ந்துவிட்டான். அதிகாரிகள் ஜீப்பை நோக்கித் திரும்பினார்கள்.

இளவேனில் வழியை மறித்தாள். "மச்சான் இல்லாம எறங்க மாட்டேங்கறாங்களே, இதைவிடச் சாட்சி வேணுமா சார்? நேத்து வந்தவங்களுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்குமா?" அந்த வாதத்தை அதிகாரி எழுதிக்கொண்டார், ஆனாலும் தேனைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்து இல்லை என்றார். மூன்று மணி வரை காத்திருக்க மட்டும் சம்மதித்தார். கல்லில் நார் உரித்த மாதிரி அவள் வாங்கிய நேரம் அது.

"நான் எறங்கறேன்" என்றான் மாதேஷ்.

"கல்யாணமே ஆகல, உனக்கேதுடா மச்சான்?" என்றான் காளன். மைத்துனன் இல்லாதவனுக்குக் கயிறு பிடிக்க அஞ்சி ஆண்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். மசணி முன்னால் வந்து கயிற்றை எடுத்தாள்.

கூட்டத்தில் எவனோ முணுமுணுத்தான்: "போட்டிக்கு ஒருத்தன் கொறஞ்சா இவளுக்குத்தானே லாபம்."

மசணி காதிலும் அது விழுந்தது. கயிற்றைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அவள் நாக்கு ஒட்டவில்லை. "மாதேசு, நீ ஏறி வந்தாலும் வராட்டியும் தலைவி வேலை எனக்கு வேண்டாம். இது உனக்கு நான் குடுக்கற வாக்கு. இப்பச் சொல்லு, நான் புடிக்கலாமா?"

"புடிங்கக்கா" என்று சொல்லி அவன் முடிச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மசணி ஒரு மணி நேரம் பிடித்தாள். புகைக்குக் கலைந்த தேனீக்கள் மேலே வந்து அவள் முகத்தில் மொய்த்துக் கொட்டின. விரட்ட ஒரு கையை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற நஞ்சி அழுதேவிட்டாள். தேன் வந்தது, மாதேஷும் வந்தான், தன் கையால் முடிச்சை அவிழ்த்தான். கையெழுத்தும் விழுந்தது.

மாலையில் நஞ்சி சாவியை எடுத்ததும் மசணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாக்குக் குடுத்துட்டேனுங்க."

வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். நேரம் வாங்கித் தந்தவளுக்கா, போட்டியாளர் கையில் உயிரைக் கொடுத்து இறங்கியவனுக்கா, பிடித்தவளுக்கா, சாவி யாருக்கு? மசணிக்குத்தான் என்றால், அவள் கொடுத்த வாக்கை என்ன செய்வது?

நஞ்சி கண்ட விடை இது. இளவேனிலின் வாதமும் மாதேஷின் துணிச்சலும் இல்லாவிட்டால் அன்று காடு போயிருக்கும். ஆனால் மைத்துனனைப் பிடிக்கச் சொல்வது உறவுக்காக அல்ல, இறங்குகிறவன் விழுந்தால் பிடிக்கிறவனுக்கு ஒரு லாபமும் இல்லை என்பதற்காக. அதைப் புரிந்துகொண்டு, தன் லாபத்தை அறுத்தெறிந்துவிட்டுக் கயிற்றைத் தொட்டவள் மசணி. நான்கு ஊரின் கயிறும் அந்தக் கையில்தான் இருக்க வேண்டும். வாக்கு? அது மாதேஷுக்குக் கொடுத்தது. அவன் இடுப்பு முடிச்சைப் போல, அவிழ்க்கும் உரிமை அவனுக்குத்தான். நஞ்சி அவனைப் பார்த்தாள். அவன் சாவியை வாங்கி மசணியின் கையில் வைத்தான். "உசிரோட வந்துட்டேன், வாக்கை அவுத்துட்டேன். தலைவியாகி மொத வேலையா எனக்கொரு பொண்ணு பாருங்கக்கா. மச்சான் இல்லாம இனி எறங்க மாட்டேன்."