நாற்பத்து மூன்று ஞாயிறுகள்

தூத்துக்குடியில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முடிவில் தீர்ப்பு உங்களுடையது. அதுவரை யார்மீதும் கோபம் கொள்ளாமல் கேளுங்கள்.

ஜெசிந்தாவுக்கும் அமலதாசுக்கும் ஒரே மகள், அக்சிலியா. பதின்மூன்று வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு நாலைந்து சொற்களுக்கு மேல் போகாது. ஆனால் எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடுவாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வரும் அமலதாஸ் செருப்பைக் கழற்றும் முன்பே, "அக்சி, வர்ற கிறிஸ்மஸ் என்னைக்கு?" என்பார். அவள் ஒருநாளும் தவறியதில்லை. திங்கள் முதல் வெள்ளிவரை காலை எட்டு நாற்பதுக்குச் சிறப்புப் பள்ளியின் வேன். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். ஞாயிறு என்றால் நீலக் கவுன், கோயிலில் பூசை, மதியம் கறிக்குழம்பு. கிழமைகளைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை நாளைக் கடந்தாள்.

கொள்ளைநோய் வந்த ஆண்டு பள்ளிகளை மூடினார்கள். முதல் திங்கட்கிழமை வேன் வரவில்லை. அக்சிலியா பையை மாட்டிக்கொண்டு மதியம்வரை வாசலில் நின்றாள். பிறகு தன் மணிக்கட்டை இரத்தம் வரும்வரை கடித்தாள்.

கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தார் அமலதாஸ். செவ்வாயன்று பைக்கில் அழைத்துப்போய்ப் பள்ளியின் பூட்டைக் காட்டினார். என்ன சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை, பேசாமல் நின்றார். அவள் பூட்டை உலுக்கினாள். பின் இரும்புக் கதவில் தலையை மோதினாள். நெற்றியில் நாலு தையல்.

புதன்கிழமை காலை, கட்டுப்போட்ட தலையோடு அவள் மறுபடியும் பையை எடுத்தாள். ஜெசிந்தா வாசலை மறித்து நின்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இன்னைக்கு ஞாயிறும்மா. ஸ்கூல் லீவு."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். அம்மா பொய் சொல்லி அவள் அறிந்ததில்லை. பையை இறக்கி வைத்தாள்.

மறுநாளும் ஞாயிறு. அதற்கு மறுநாளும். அமலதாஸ் அதை மறுக்கவில்லை, ஆனால் தன் வாயால் ஞாயிறு என்று சொன்னதும் இல்லை. ஜெசிந்தா சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டாள். நீலக் கவுனைச் சாயங்காலம் துவைத்துக் காலையில் மாட்டிவிட்டாள். போனில் பழைய பூசை ஒன்றை ஓடவிட்டாள். கறி கிடைக்காத நாட்களில் மீல்மேக்கரை அதே மசாலாவில் கொதிக்கவைத்தாள். பள்ளியிலிருந்து சுகந்தி டீச்சர் வாரந்தோறும் போன் செய்து, "அக்சிகிட்ட குடுங்க, ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்பாள். "தூங்குறா டீச்சர்" என்று வைத்துவிடுவாள் ஜெசிந்தா. இப்படி நாற்பத்து மூன்று நாள். அவற்றில் ஆறு மட்டுமே உண்மையான ஞாயிறு.

அக்சிலியா கடிக்கவில்லை, மோதிக்கொள்ளவில்லை. ஆனால் படுக்கையைவிட்டு எழுவது குறைந்தது. தட்டில் போட்டது அப்படியே இருந்தது. நாற்பத்து மூன்றாம் நாள் அமலதாஸ் பழைய விளையாட்டைத் தொடங்கினார்.

"அக்சி, கிறிஸ்மஸ் என்னைக்கு?"

"ஞாயிறு."

"அப்பா பொறந்தநாள்?"

"ஞாயிறு."

அவர் ஏழெட்டுத் தேதி கேட்டார். எல்லாம் ஞாயிறு. எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். "புள்ளகிட்ட இருந்தது அது ஒண்ணுதான் ஜெசி" என்றார்.

மறுநாள் காலை ஜெசிந்தா தானாகவே சுகந்தி டீச்சரைப் போனில் அழைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஸ்கூல் விஷயம் நீங்க சொன்னாத்தான் நம்புவா டீச்சர்."

"சொல்றேன். ஆனா இத்தனை நாளா நீங்க சொன்னது பொய்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் உங்களை நம்புவாளான்னு எனக்குத் தெரியாது அக்சி அம்மா."

ஜெசிந்தா போனோடு மகளின் படுக்கையருகே போனாள். பிறகு, "சொல்லிருங்க" என்று போனை மகளின் காதில் வைத்தாள்.

"அக்சி, இன்னைக்கு வியாழன். ஸ்கூல் பூட்டியிருக்கு. எப்போ திறப்பாங்கன்னு டீச்சருக்கும் தெரியாது. திறந்ததும் நானே கூப்பிடுவேன்."

போன் சுவரில் போய் விழுந்தது. நாலு நாள் அவள் அழுதாள். ஜெசிந்தா பக்கத்தில் வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அறைக் கதவுக்கு வெளியே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஜெசிந்தா காத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அக்சிலியா வெளியே வந்தாள். அம்மாவைத் தாண்டி நடந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"திங்கள்?"

"திங்கள்தான்டா. ஸ்கூல் இல்லை."

தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

பத்து மாதம் கழித்துப் பள்ளி திறந்தது. சொன்னபடி டீச்சர் அழைத்தாள், வேனும் வந்தது. கிழமைகளும் அவளிடம் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் மாறவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று அவள் அம்மாவிடம் கேட்பதே இல்லை. ஜெசிந்தா தானாகச் சொன்னாலும், அப்பா பட்டறையிலிருந்து வரும்வரை வாசலில் நின்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உள்ளே வருவாள்.

தகப்பன் பூட்டைக் காட்டினான். தாய் பொய் சொன்னாள். டீச்சர் உண்மையைச் சொன்னாள். இப்போது சொல்லுங்கள்: இவர்களில் யார் செய்தது சரி?

என் விடை: அமலதாஸ் காட்டியது உண்மைதான், ஆனால் பிள்ளை பிடித்துக்கொள்ள அதோடு ஒரு சொல் இல்லை. டீச்சர் அந்தச் சொல்லைக் கொடுத்தாள். அதனால் அவளுக்கு எந்த இழப்பும் இல்லை. ஜெசிந்தா சொன்ன ஞாயிறு தவறு. அதில் ஐயமில்லை. ஆனால் மகள் இனி தன்னை நம்பமாட்டாள் என்று தெரிந்தே அந்தப் போனை அவள் காதில் வைத்தவளும் ஜெசிந்தாதான். சரியானதைச் செய்தவள் அவள். செய்தது அந்த ஒரு காலையில். இதை அவளிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "மொதல்ல பொய் சொன்னதும் நான்தானே" என்று சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் மகளை எட்டிப் பார்ப்பாள்.