அவரைக்குக் கிடைத்த ராஜ மரியாதை

ரொம்ப காலத்துக்கு முன்னால் தாழைநாடு என்ற சீமையை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். மற்ற ராஜாக்களுக்கு யானை மேல் ஆசை, குதிரை மேல் ஆசை. இவருக்கு அவரைக்காய் மேல். அரண்மனைக்குப் பின்னால் பந்தல் போட்டு, காத்தான் என்ற தோட்டக்காரனைக் கொண்டு அவரை வளர்த்தார். தினமும் பந்தலடியில் உட்கார்ந்து காத்தானோடு ஒரு நாழிகை பேசினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

இது அரங்கராயருக்குப் பொறுக்கவில்லை. சபையில் யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு எத்தனை வெற்றிலை என்று தீர்மானிக்கும் அதிகாரி அவர். 'என்னோடு பேச நேரமில்லை, மண்வெட்டிக்காரனோடு ஒரு நாழிகையா?' என்று புழுங்கினார்.

ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார். "மகாராஜா, தாங்கள் உண்ணும் அவரைக்கு மரியாதை போதாது."

ராஜாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. கண்ணேறு படாமலிருக்கப் பந்தலைச் சுற்றிப் பட்டுத்திரை கட்டினார்கள். பத்துக் கொடி இருந்த இடத்தில், ராயர் பொறுக்கிக் கொடுத்த விதையைப் போட்டு நாற்பது கொடி ஏற்றினார்கள். சாயங்காலமானால் ராஜாவே வெள்ளிப் பூவாளியை எடுத்து, பன்னீர் கலந்த தண்ணீரை இலைமேல் தெளித்தார். காத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

கார்த்திகை பிறந்தது. இலையெல்லாம் துருப்பிடித்தது போலப் பொட்டு. பிஞ்செல்லாம் கருங்குழி. திரையை விலக்கினால் பூசண வாடை.

"இவன் கையே விஷக்கை, மகாராஜா!" என்றார் ராயர்.

ஆசைப்பட்ட மனசு உடைந்தால் கோபம்தானே வரும்? எட்டாம் நாள் காத்தானை நாட்டு எல்லைக்கு அப்பால் விரட்டிவிட உத்தரவு போட்டார் ராஜா. அதுவரை காவல்.

மறுநாள் காத்தானின் மனைவி செங்கமலம் சபைக்கு வந்தாள். மடியை அவிழ்த்து ராஜாவின் முன்னால் கொட்டினாள். பச்சைப்பசேலென்று அவரைக்காய், ஒரு புள்ளி இல்லாமல்.

"இது யார் விளைவித்தது?" ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரர்தான். அரண்மனையில் போட்டு மிஞ்சிய அதே விதை, அதே கை. எங்கள் குடிசை வேலியில் படர்ந்தது."

"நல்ல விதையைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டான்!" என்று கத்தினார் ராயர்.

"விதையைப் பொறுக்கிக் கொடுத்ததே தாங்கள்தானே, சாமி?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் நோய் எங்கிருந்து வந்தது? நீயே சொல், அம்மா."

ராஜாவின் கையைக் காட்டினால் தலை போகும். காட்டாவிட்டால் புருஷன் போவான். செங்கமலம் கைகூப்பினாள்.

"அதை ராயர் வாயால் கேட்டால்தான் அழகு, மகாராஜா. அவரைக்குச் செய்த மரியாதையை அப்படியே அவருக்கும் ஐந்து நாள் செய்யுங்கள். ஆறாம் நாள் அவரே பதில் சொல்வார். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரரோடு நானும் எல்லை தாண்டிப் போகிறேன்."

ராயருக்குப் பூரிப்பில் மீசை துடித்தது. "மகாராஜா கையால் பன்னீரா! அடியேன் செய்த பாக்கியம்!"

"ஒன்று மட்டும். செடிக்குத் துண்டும் கிடையாது, மாற்று வேட்டியும் கிடையாது," என்றாள் செங்கமலம்.

"இருக்கட்டுமே!"

பட்டுத்திரைக்குள் ராயரை உட்கார வைத்தார்கள். நெருக்கியடித்துச் சுற்றிலும் பத்துச் சேவகர்கள். பொழுது சாய்ந்ததும் ராஜா வந்து உச்சியில் தெளித்தார். முதல் நாள் ராயர் கும்பிட்டார். இரண்டாம் நாள் தும்மினார். மூன்றாம் நாள் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நான்காம் நாள் கழுத்தில் தேமல் படர்ந்து, சொறிந்து சொறிந்து நகம் தேய்ந்தது. ஐந்தாம் நாள் பூவாளியைப் பார்த்ததுமே அலறினார்.

"வேண்டாம் மகாராஜா! சாயங்காலம் தலையில் ஊற்றினால் விடியும்வரை காயவில்லை! திரையை அவிழ்க்கச் சொல்லுங்கள், கொஞ்சம் காற்று வரட்டும்! இந்தத் தடியன்களைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்! ஐயோ, ஒரு நாழிகை வெயில்!"

ராஜாவின் கை அப்படியே நின்றது. திரும்பி, அழுகிக் கிடந்த அவரைப் பந்தலைப் பார்த்தார்.

"செங்கமலம்... அப்படியானால் என் கையா?"

"கையில் குற்றமில்லை மகாராஜா. வேரில் ஊற்ற வேண்டியதை இலையில் ஊற்றினீர்கள். காலையில் ஊற்ற வேண்டியதைச் சாயங்காலம் ஊற்றினீர்கள். காயாத ஈரமும் காற்றில்லாத நெருக்கமும் கிடைத்தால் பூசணம் குடித்தனம் வைக்காமல் என்ன செய்யும்? எங்கள் வேலியில் கொடிக்குக் கொடி இடைவெளி உண்டு. காற்று சும்மா வந்து போகும்."

ராஜா ஆள் அனுப்பவில்லை. தானே போய்க் காவல் கதவைத் திறந்தார்.

"ஏனடா சொல்லவில்லை?"

காத்தான் தலையைக் குனிந்தான். "தெளிக்கும்போது பாட்டுப் பாடினீர்கள், மகாராஜா. பட்டம் கட்டிய அன்றுகூடத் தங்களை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வேன்?"

ராஜா அவனைக் கட்டிக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி இருவர் கைக்கும் பொற்காப்பு போட்டார். சபையில் ராஜாவைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையைச் செங்கமலத்துக்குக் கொடுத்தார். நோய்பட்ட கொடியை ஒன்று விடாமல் பிடுங்கிச் சுட்டுவிடும் வேலை ராயருக்கு. அவர் நொண்டி நொண்டிக் கிளம்பியபோது செங்கமலம் நிறுத்தி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கால்விரலுக்குப் பூசக் கொடுத்தாள். ராயர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது காத்தான் கேட்டான்: "எல்லை தாண்டி நீயும் வருவதாகச் சொன்னாயாமே?"

"பின்னே? வாய் திறந்து பசி என்றுகூடக் கேட்கத் தெரியாத மனுஷன். அந்நிய தேசத்தில் உமக்கு யார் சோறு போடுவார்கள்?"