மூலத்தை அழி

“அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்தச் சனியன்?”

துரைப்பாண்டி மேசையில் ஓங்கி அறைந்தார். நூலகத்தின் கணினி அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கணினி வகுப்பெடுக்கும் ஷகிலாவுக்கு அவருடைய வயதில் பாதிகூட இருக்காது. நிதானமாக எழுந்து வந்தாள்.

“என்ன கட்டளை கொடுத்தீங்க சார்?”

“ஸ்கேன் செஞ்ச பெரிய டிஃப் படம் எல்லாத்தையும் சின்ன ஜேபெக்கா மாத்து, அகலத்தை ஆயிரம் புள்ளியாக் குறை, மூலத்தை அழி. அவ்வளவுதான்!”

அவள் திரையைப் பார்த்தாள்.

“ஆயிரம் இல்ல சார், நூறு. ஒரு சைபர் விட்டுப்போச்சு.”

எங்கிருக்கிறான் என்றே தெரியாத மகன் இசக்கிராஜாவின் சின்ன வயசுப் படங்கள் அவை. ஆல்பம் வெள்ளத்தோடு போய்விட்டது. அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்தவைதான் மிச்சம். இப்போது ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. பெரிதாக்கினால், முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது.

“திரும்ப டிஃபா மாத்து!”

“மாத்தலாம். கோப்பு பெரிசாகும். முகம் வராது.”

“அப்ப இது என்ன மெஷின்? அரைவேக்காட்டுக் கான்ஸ்டபிள்கூட ‘ஐயா, நெசமாத்தானா’ன்னு கேட்பானே!”

“அழிக்கவான்னு கேட்கிற மாதிரிதான் இங்க வச்சிருக்கேன் சார். கேட்காதேன்னு நீங்கதான் கட்டளையில சேர்த்திருக்கீங்க.”

“ஒவ்வொரு படத்துக்கும் நொய் நொய்னு கேட்டா மனுசனுக்கு எரிச்சல் வராதா?”

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்துதான் வகுப்புக்கு வருவார்கள். ஷகிலா அவள் பக்கம் திரும்பினாள்.

“அந்த நூறை நீங்க பார்த்தீங்களாம்மா?”

“பார்த்தேன்.”

துரைப்பாண்டிக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“பார்த்தியா? பார்த்துக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தியா? என் புள்ள முகம்டி அது! ஏன் சொல்லல?”

வேலம்மாள் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வெளிய போடான்னு அவனை விரட்டினீங்களே, அன்னைக்குச் சொன்னேன். வேணாம், போனா வரமாட்டான்னு.”

துரைப்பாண்டி குனிந்து நாற்காலியை நிமிர்த்தினார்.

“அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்றதில்லைங்க.”