ஐந்தாம் ஆண்டு எரு

பிள்ளைகளே, பெரியவர்களே, கொஞ்சம் காது கொடுங்கள். பாலாறு வற்றாமல் ஓடிய காலம் ஒன்று இருந்ததாம். அந்தக் காலத்தில் அதன் கரையில் நெடுமடை என்று ஓர் ஊர். அந்த ஊரில் சேந்தி என்று ஒருத்தி வாழ்ந்தாள்.

நெடுமடையில் எந்த வயலும் எவருக்கும் நிலையாகச் சொந்தமில்லை. நிலம் ஊருக்குப் பொது. அதில் வீட்டுக்கு ஒரு பங்கு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பங்காளிகள் எல்லாரும் கோயில் முன்னால் கூடுவார்கள். வயல்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எவர் கைக்கு எந்த ஓலை வருகிறதோ, அடுத்த ஐந்து ஆண்டுக்கு அந்த வயல் அவருக்கு. நீர் எளிதில் ஏறாத மேட்டு வயலும் நன்றாகப் பாயும் பள்ள வயலும் எல்லாருக்கும் மாறி மாறி வரட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனித மனம் அதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தது.

ஐந்தாம் ஆண்டு வந்தால் ஒருவரும் வரப்பைக் கட்ட மாட்டார்கள். ஒருவரும் எருச் சுமக்க மாட்டார்கள். ஒருவரும் வாய்க்காலைத் தூர் வார மாட்டார்கள். "நாளைக்கு இன்னொருவன் உழப்போகிற மண்ணுக்கு நான் எதற்கு முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்?" என்பார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மண்ணின் சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, சக்கையை அடுத்தவன் தலையில் கட்டுவார்கள்.

சேந்தி அப்படிச் செய்யவில்லை. கணவன் காய்ச்சலில் போன பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள்தான் வயலைப் பார்த்தாள். உழவுக்கு மட்டும் ஆள் பிடிப்பாள். மற்றதெல்லாம் அவள் கைதான். ஐந்தாம் ஆண்டிலும் முதல் ஆண்டைப் போலவே கூடை கூடையாக எருச் சுமந்தாள். கொழிஞ்சித் தழையை வெட்டிப் போட்டு மிதித்தாள். நண்டு வளைகளை அடைத்து வரப்பைப் பூசினாள்.

"யாருக்கம்மா இத்தனை பாடு?" என்று கேட்டால், "இந்த வயல் எங்களை வைத்துக் காப்பாற்றியது. போகிற நேரத்தில் பசியோடா அனுப்பி வைப்பேன்?" என்பாள்.

அந்த முறை குலுக்கல் நெருங்கியபோது ஊர்த்தலைவர் வடுகநாதர் ஒரு பேச்சை எடுத்தார். அவர் பொல்லாதவர் அல்லர். தம்பி மகனுக்கு ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். "ஏர் பிடிக்க ஆண் இல்லாத வீடு. சேந்திக்கு நிலம் எதற்கு? ஊர்ப் பொதுவில் நெல் அளந்து கொடுத்துவிடுவோம்" என்றார். பங்காளிகள் தலையாட்டினார்கள்.

அது எப்படி முடியும் என்று சேந்திக்குத் தெரியும். அளந்து கொடுக்கிற நெல் முதலில் நிறைய வரும். பிறகு குறைய வரும். அப்புறம் வாசலில் போய் நின்று கேட்டால்தான் வரும். அவள் எழுந்தாள்.

"மாமா, உங்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இதை நாட்டு அதிகாரி வந்து தீர்க்கட்டும்" என்றாள். சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மன்னன் அந்த நாட்டுக்கு வைத்திருந்த அதிகாரியின் பெயர் நம்பிக்கூத்தர். குலுக்கல் நாளன்று அவர் வந்தார். வந்ததும் சபைக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வயல் வயலாக நடந்தார். அதன் பிறகுதான் கோயில் முன் வந்து உட்கார்ந்தார்.

"வழக்கை அப்புறம் கேட்கிறேன். குலுக்கலே இல்லை, விரும்பிய வயலை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எது வேண்டும்? ஒவ்வொருவராக வந்து என் காதில் மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

ஒருவர் போய்ச் சொன்னார். இன்னொருவர் போய்ச் சொன்னார். வடுகநாதரும் போய்ச் சொன்னார். எல்லாரும் முடித்த பிறகு சேந்தி போனாள். "எதுவானாலும் சரி ஐயா. தண்ணீர் ஏறினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

அதிகாரி எழுந்து நின்றார். "சேந்தியைத் தவிர இங்கே இருக்கிற அத்தனை பேரும் கேட்டது ஒரே வயலை. அது சேந்தி பயிர் செய்த வயல். தன் வயலே வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவளுக்கு நிலம் எதற்கு என்று சொன்ன வாயால்தான் இவள் வைத்திருந்த நிலத்தைக் கேட்டீர்கள்."



சேந்தியின் பங்கு சேந்தி பெயரிலேயே இருக்கும், அவளுக்குப் பின் அவள் பெண்களுக்குப் போகும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். கூடவே, "இவள் வயலைக் குலுக்கலில் சேர்க்க வேண்டாம். உழைத்தவளே வைத்துக்கொள்ளட்டும்" என்றார்.

"வேண்டாம் ஐயா" என்றாள் சேந்தி. ஊரே திரும்பிப் பார்த்தது. "இன்றைக்கு எனக்கென்று ஒரு வயலை ஒதுக்கினால், நாளைக்குக் கை வலுத்தவர் தமக்கென்று ஒன்றை ஒதுக்கிக்கொள்வார். அப்புறம் பள்ள வயல் எல்லாம் நாலு வீட்டுக்குள் போய்விடும். முறை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். என் வயலின் ஓலையும் குடத்திலேயே கிடக்கட்டும்."

 அதிகாரி, "நான் ஒரு வழக்கைத்தான் தீர்த்தேன். நீ ஊரைக் காத்தாய், அம்மா" என்றார்.

குடத்தைக் குலுக்கினார்கள். சேந்தியின் கைக்கு வந்தது வடுகநாதரின் மேட்டு வயல். வரப்பு இடிந்து, வாய்க்கால் தூர்ந்து, மண்ணில் களர் பூத்துக் கிடந்த வயல். அவள் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனம் வலிக்காமல் இல்லை. பழைய வயலை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போனால், அங்கே வடுகநாதர் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்காலை வாரிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எதற்கு மாமா? இது இனி என் வயல் அல்லவா?"

"அதனால்தான் அம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "கெடுத்து வைத்த வயலை உன் கையில் எப்படிக் கொடுப்பேன்? வாய்க்காலை வாரி, வரப்பைக் கட்டி, எருவுக்கு என் ஆடுகளை இங்கே கிடை போட்டு, அப்புறம் ஒப்படைக்கிறேன்."

சேந்தி எதிர்க் கரையில் இறங்கி மண்ணை வாரினாள். தலைவரே சேற்றில் நிற்பதைக் கண்ட மற்றப் பங்காளிகள், தாங்கள் விட்டுவந்த வயல்களுக்கு மண்வெட்டியோடு போனார்கள். அதன் பிறகு நெடுமடையில் எந்த ஓலை வருமோ என்று குடத்துக்குள் கை விட எவரும் அஞ்சியதில்லை.

இன்று நம் கையில் இருக்கும் நிலம் நாளை இன்னொருவர் கைக்குப் போகும். வாங்கியதைவிட நல்லதாக அதைக் கொடுத்துவிட்டுப் போகிறவரே அதற்கு உரியவர்.