முதல் பலகைக்கு ஒரு பெயர்

குருவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யனுக்கு முப்பத்தெட்டு. சிரிக்காதீர்கள், கதை அப்படித்தான்.

சிஷ்யன் பெயர் தனசீலன். மலேசியாவில் ஈப்போக்காரர். சின்ன வயதில் சீனப் பள்ளியில் படித்தவர், அங்கேதான் கோ ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு. ஒருவருக்குக் கறுப்புக் கல், இன்னொருவருக்கு வெள்ளைக் கல். கல்லை வைத்து இடத்தை வளைக்க வேண்டும், அதிக இடம் வளைத்தவருக்கு வெற்றி. இவ்வளவுதான் ஆட்டம். இதற்காக மனுஷன் நல்ல நில அளவையாளர் வேலையை உதறிவிட்டு வந்தார்.

சீனாவில் இதற்கு லீக் உண்டு. ஊருக்கு ஓர் அணி. ஒவ்வோர் அணியும் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரரைக் கொண்டுவரலாம். தனசீலனைக் கொண்டுவந்த அணியின் பெயரைச் சீனத்தில் சொன்னால் நம் வாயில் நுழையாது, தமிழில் நாரை அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பயிற்சியாளர் ஷு மின். பதினாறு வயதில் சாம்பியன் பட்டம் வாங்கி, இருபத்துமூன்றில் ஆடுவதை நிறுத்திவிட்டு, மற்றவர்களை ஆட வைக்க வந்தவர். தனசீலன் அவரை டீச்சர் என்பார். டீச்சர் தனசீலனை அண்ணே என்பார். பேசியதெல்லாம் சீனம்தான், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

அன்றைக்கு லீக்கின் கடைசிப் போட்டி. எதிரே புலி அணி. புலிகள் ஜெயித்தால் அவர்களுக்குக் கோப்பை. நாரைகள் தோற்றால் அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவுக்குப் போக வேண்டும். ஊரே கடைகளில் திரை கட்டி உட்கார்ந்திருந்தது.

காலை ஒன்பதரை மணி. டீச்சர் உணவுக்கூடத்தில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனசீலன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணே."

"வரிசையா ஆறு ஆட்டம் தோத்துட்டேன். ஆறும் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். தோக்கறவனை எதுக்கு டீச்சர் அணியில வெச்சிருக்கீங்க?"

அவர் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது பலகையில்தான் டீச்சர் அவரை உட்கார வைப்பார். ஆட்டத்தில் முந்திவிடுவார். முந்தியதும் பயம் வந்துவிடும். கையில் இருப்பது போய்விடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி ஆடி, கடைசியில் அதையும் விட்டுவிட்டு எழுந்து வருவார்.

டீச்சர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். கிண்ணத்தைத் தூக்கி சூப்பைக் கடைசி வரைக்கும் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"எழுதுங்க."

"எதை?"

"இன்னைக்கு யார் எந்தப் பலகைன்னு."

தனசீலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது விளையாட்டுச் சமாச்சாரமில்லை. ஒரு போட்டிக்கு நாலு பலகை, நாலு பேர். மூன்று பலகையில் ஜெயித்தால் போட்டி நமக்கு. இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றால், முதல் பலகையில் ஜெயித்த அணிக்கே போட்டி. யார் எங்கே உட்கார்வது என்று பயிற்சியாளர் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுப்பார். எதிரணியும் அப்படியே. உறை திறக்கும்வரை யாருக்கு யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பாதிப் போட்டி அந்தத் தாளிலேயே முடிந்துவிடும் என்பார்கள்.

"நானா? குரங்கு கையில பூமாலையைக் கொடுக்கறீங்களே."

"பதினொரு மணிக்குள்ள வேணும். நான் இன்னொரு கிண்ணம் மீ வாங்கிட்டு வரேன்." டீச்சர் எழுந்து போய்விட்டார்.

தனசீலன் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அணியில் ஐந்து பேர். யாவ் லிங் என்கிற பெண், வருஷம் முழுக்க முதல் பலகையில் ஆடியவள். பெரிய வாங். சின்ன வாங். மாற்று ஆட்டக்காரி கீ. அப்புறம் இவர். முதலில் தன் பெயரை விட்டுவிட்டு நாலு பேரை எழுதத்தான் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

புலிகளின் முதல் பலகையில் யார் வருவார் என்று குழந்தைக்கும் தெரியும். துவான். அந்த வருஷம் பதினைந்து ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்று தோற்றவர். அவர் எதிரே யார் உட்கார்ந்தாலும் அந்தப் பலகை போனதுதான். அங்கே எதற்கு யாவ் லிங்கை வீணாக்க வேண்டும்?

ஈப்போவில் பள்ளிக்கூட பேட்மிண்டனில் ஒரு தந்திரம் உண்டு. எதிரணியின் பெரிய கைக்கு நம்மில் தேறாத ஒன்றை அனுப்பிவிடுவது. அது தோற்கட்டும். நல்ல கைகளை மீதி ஆட்களுக்கு எதிரே வைத்து ஜெயித்துக்கொள்வது. ஆனால் கோ லீக்கில் இப்படி முதல் பலகையை விட்டுக்கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். மற்ற மூன்றையும் ஜெயித்தே ஆக வேண்டுமே! ஒன்று சறுக்கினாலும் இரண்டுக்கு இரண்டு, முதல் பலகை அவர்களுக்கு, கதை முடிந்தது.

மூன்று பேரும் ஜெயிப்பார்கள் என்று தனசீலன் நம்பினார். தன்னைத்தான் நம்பவில்லை. முதல் பலகைக்கு நேரே தன் பெயரை எழுதினார். பெரிய வாங் இரண்டு, யாவ் லிங் மூன்று, சின்ன வாங் நாலு.

டீச்சர் வந்து தாளைப் படித்தார்.

"முடிவா?"

"முடிவு."

டீச்சர் காரணம் கேட்கவில்லை. தாளை மடித்தார், உறையில் போட்டார், ஒட்டினார், கையெழுத்துப் போட்டார். கேட்டிருக்கலாமே என்று தனசீலனுக்கு மனசு குத்தியது.

பன்னிரண்டு மணிக்கு உறைகளைத் திறந்தார்கள். பெயர்கள் பெரிய திரையில் வந்ததும் கூடத்தில் ஒரே கூச்சல். படம் எடுக்கிறவர்கள் எல்லாம் முதல் பலகைப் பக்கம் ஓடினார்கள். யாவ் லிங் விசிறியும் கையுமாக வந்து நின்றாள்.

"அண்ணே! யார் பண்ணின கூத்து இது?"

"நான்தான்."

"துவானுக்கு எதிரே நீங்களா? எதுக்கு?"

"நீ மூணாவதுல ஜெயி. வாங் ரெண்டு பேரும் அவங்க அவங்க பலகையில ஜெயிக்கட்டும். மூணு போதும்ல?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. "அப்ப நீங்க?"

"நான் சும்மா உக்காந்துட்டு எழுந்து வரேன்."

"போங்கண்ணே!" என்று கத்திவிட்டுப் போனாள். அவளுக்கு அழுகை வந்திருந்தது.

ஆட்டம் தொடங்கியது. தனசீலனுக்கு வெள்ளைக் கல். கறுப்பு முதலில் வைப்பதால், வெள்ளைக்கு ஏழரைப் புள்ளி ஈடு உண்டு. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? இருபதாவது நகர்விலேயே துவான் வளைத்து வைத்திருந்த மூலைக்குள் நுழைந்துவிட்டார். துவான் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் எதிராளியின் முகத்தைப் பார்த்து யாரும் கண்டதில்லை.

அடேயப்பா, அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! துவான் விரட்டினார், தனசீலன் ஓடவில்லை, திரும்பி நின்று முட்டினார். ஓர் இடத்தில் எட்டுக் கல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் முழுசாக வளைத்துக்கொண்டார். வர்ணனை அறையில் பேசிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைத்தெருவில் ஆவியில் வெந்துகொண்டிருந்த கொழுக்கட்டையை யாரும் இறக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். தனசீலனுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் யார் முந்துகிறார்கள் என்று அவர் கணக்குக்கூடப் பார்க்கவில்லை. தோற்க வந்தவனுக்கு எதற்குக் கணக்கு? ஆடுவது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றரை மணிக்குப் பெரிய வாங் ஜெயித்தார். நாலு மணிக்குச் சின்ன வாங் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டே வெளியே போனார். இரண்டு வந்துவிட்டது. இன்னும் ஒன்று. தனசீலன் மூன்றாவது பலகைப் பக்கம் திரும்பினார்.

யாவ் லிங் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எதிராளிக்குத் தலைகுனிந்தாள். பிறகு கூடத்தின் குறுக்கே தனசீலனைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. தோற்றுவிட்டாள்.

ஐயோ என்று வந்தது அவருக்கு. அப்போதுதான் முதல்முறையாகத் தன் பலகையை எண்ணினார். இடத்தை எண்ணி, திருப்பி எண்ணினார். அரைப்புள்ளி. வெள்ளை அரைப்புள்ளி முன்னால்.

இரண்டுக்கு ஒன்று. தான் ஜெயித்தால் அணி பிழைத்தது. தோற்றால் இரண்டுக்கு இரண்டு, முதல் பலகை துவானுக்கு, மொத்தமும் போச்சு. யார் தலையில் எதுவும் விழக் கூடாது என்று எழுதினாரோ, அந்த ஆள் தலையிலேயே எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது.

அவருடைய நேரமும் தீர்ந்துவிட்டது, இனி ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிமிடம்தான். கடிகாரத்துப் பெண் குரல் எண்ண ஆரம்பித்தது. பத்து. ஒன்பது.

போக இரண்டு இடம் இருந்தது. கீழே ஓர் ஓட்டையை அடைக்கலாம். அது பத்திரம், ஆனால் கடைசிப் பெரிய இடத்தைத் துவான் எடுத்துக்கொள்வார், அரைப்புள்ளி அந்தப் பக்கம் போய்விடும். மேலே துவானின் கற்களுக்கு நடுவே வைத்து வெட்டலாம். கணக்கு ஒரு கோடு தப்பினாலும் வெள்ளைக் கூட்டம் மொத்தமும் செத்துவிடும்.

ஏழு. ஆறு. கை தானாகக் கீழே போனது. ஆறு ஆட்டத்திலும் போன அதே பக்கம்.

அடச்சீ, காலையிலிருந்து இந்தக் கைக்கு இல்லாத பயம் இப்போ எங்கேருந்து வந்தது? தனசீலனுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? நாலு. மூன்று. கல்லை மேலே கொண்டுபோய் நடுவில் வைத்தார். அது விழுந்த சத்தம் கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

துவான் குனிந்தவர் நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு நாற்பது நகர்வு. ஒவ்வொன்றும் கடைசி நொடியில். முடிந்ததும் நடுவர் வந்து கற்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார். எண்ணி முடித்து, தாளில் எழுதிவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"வெள்ளை. அரைப்புள்ளி."

கூடம் அதிர்ந்தது. யாவ் லிங் பாய்ந்து வந்து விசிறியால் தனசீலன் முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். அழுதுகொண்டே சாத்தினாள். பெரிய வாங்கும் சின்ன வாங்கும் அவரைத் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே போட்டார்கள். துவான் எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்து, வழக்கப்படி அவரோடு உட்கார்ந்து, ஆட்டத்தை முதலிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் திரும்ப வைத்துப் பார்த்தார். அந்த வெட்டு வந்ததும் நிறுத்தி, தலையை ஆட்டி, "நல்ல கல்" என்றார். தனசீலனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. டீச்சர் தாழ்வாரத்தில் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டு நின்றார். தனசீலன் அவரிடம் போனார்.

"டீச்சர், உண்மையைச் சொல்லிடறேன். மனசு கேக்கல."

"சொல்லுங்க அண்ணே."

"ஜெயிக்கலாம்னு என் பேரை அங்க எழுதல. நான் எப்படியும் தோக்கறவன். என்னைத் துவானுக்குக் காவு கொடுத்துட்டு, மத்த மூணு பேரை வெச்சு ஜெயிச்சுக்கலாம்னுதான் எழுதினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா உறையில போட்டீங்க? அணியே கவுந்திருக்குமே! கிறுக்கா உனக்குன்னு ரெண்டு திட்டு திட்டிட்டு, பேரை மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?"

டீச்சர் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"நேத்தே நானும் ஒரு தாள் எழுதி வெச்சிருந்தேன்."

"அதுல முதல் பலகைக்கு யாரு?"

"நீங்கதான். நாலு பேருக்கும் நீங்க எழுதின அதே இடம்."

தனசீலன் நாலு பெயரையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஆனா நான் யாரையும் காவு கொடுக்கல, அண்ணே" என்றார் டீச்சர்.