அந்த நூறு பேர்

"பத்து ஆண்டுகளுக்குள் யாருக்கு மாரடைப்பு வரும் என்பதை இன்றே கணித்துவிட முடியுமா, மேடம்?" என்று மருத்துவர் நெல்லையப்பன் கேட்டார்.

உப்பளத் தொழிலாளர்களுக்கான முகாம் அது. அவருடைய ஆசிரியரான இதய மருத்துவர் அருள்மேரி நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்து வருபவரைக் கணித்துப் பாருங்கள்."

அடுத்து வந்தவர் பேச்சியம்மாள், உப்புச் சுமப்பவர், வயது நாற்பத்தேழு. இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அளவுகளை நெல்லையப்பன் கணினியில் பதிந்தார்.

"குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா, அம்மா?"

"இல்லய்யா."

திரையில் பச்சைக் கட்டத்துக்குள் நான்கு என்னும் எண் தோன்றியது.

"கவலை வேண்டாம். உங்களைப் போன்ற நூறு பேரில் நான்கு பேருக்குத்தான் பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வரும்."

"அந்த நூறு பேரு எந்த ஊருய்யா?"

"கடலுக்கு அப்பால். ஒரு குளிர் நாட்டில் எடுத்த கணக்கு இது."

"அவிய உப்பு சுமப்பாவளா?"

நெல்லையப்பன் சிரித்தார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"எனக்குப் பத்து வருசம் வேண்டாம்யா. எம்மவ மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயி ஆறு வருசமாச்சு. இன்னும் ரெண்டு வருசத்துல வந்துருவா. போன்ல தெரியுத மொகம் அவ மொகம் மாதிரியே இல்ல. ஒருதரம் தொட்டுப் பாத்துட்டாப் போதும்."

அருள்மேரி தம் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"உங்கள் அப்பா எப்படி இறந்தார்?"

"முனி அடிச்சிட்டும்மா. உச்சி வெயில்ல ஒத்தப்பனையத் தாண்டயில நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுச் சாஞ்சவியதான். நாப்பத்தோரு வயசு."

"உடன்பிறந்தவர்கள்?"

"அண்ணனையும் அந்த முனிதான் அடிச்சிது. அவன் பஸ்ஸுல போயிட்டிருந்தான்."

"பஸ்ஸிலா?"

"ஏறி வந்து அடிச்சிட்டும்மா."

நெல்லையப்பனின் முகம் மாறியது. "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க நோயத்தானய்யா கேட்டிய?"

அவர் பழைய விடையை அழித்துவிட்டு, 'உண்டு' என்று பதிந்தார். எண் ஏழாயிற்று, கட்டம் மஞ்சளாயிற்று.

அருள்மேரி மாத்திரை எழுதினார், உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

"ரெண்டு வருசம் கெடைக்குமாம்மா?"

"வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. மாதந்தோறும் வாருங்கள். மகள் வந்ததும் அவளையும் அழைத்து வாருங்கள்."

பேச்சியம்மாள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

"ஏழு என்பதாவது சரியா, மேடம்?"

"அது அந்த நூறு பேரை எண்ணிக் கண்டது."

"அப்படியானால், இவருக்கு உரிய எண் எது?"

அருள்மேரி கைப்பையிலிருந்து ஒரு புதிய குறிப்பேட்டை எடுத்து அவர்முன் வைத்தார்.

"அதற்கு இந்த உப்பளத்திலேயே நூறு பேர் வேண்டும்; பத்து ஆண்டுகள் வேண்டும். முதலில் இவர் பெயரை எழுதுங்கள். பக்கத்தில், மகள் வந்த நாளைக் குறிக்க ஒரு கட்டம் விட்டு வையுங்கள்."